விசையுந்தின் மிகை அதிர்வு

விசையுந்தின் மிகை அதிர்வு என்பது, ஒரு விசையுந்தின் வடிவமைப்பில் இயல்பாக எதிர்பார்க்கத்தக்க அளவைவிடக் கூடுதலாகக் கைப்பிடி, இருக்கை, கால்மிதி ஆகியவற்றின் வழியே ஓட்டுநர் உணரும் அதிர்வு ஆகும். பொறியால் ஓடும் எந்த வண்டியும் ஓரளவு அதிரும். ஆகவே புதிய வண்டி அதிர்கிறது என்பது மட்டுமே அதில் பழுது உள்ளதற்குச் சான்றாகாது. அதிர்வு எதைப் பின்தொடர்கிறது என்று கண்டறிவதே பழுதறிதலின் முதற்படி. பொறியின் சுழல்வேகம், சக்கரத்தின் வேகம், வண்டி இழுக்கும் சுமை ஆகிய மூன்றில் ஒன்றை அது பெரும்பாலும் பின்தொடரும். இதை அறியாமல் கண்ணில் பட்ட மரைகளையெல்லாம் முடுக்குவது வழக்கமாக உள்ளது. அதனால் அதிர்வு குறைவதும் உண்டு, அலுமினியப் பாகத்தின் மரை அழிவதும் உண்டு.

இக்கட்டுரை தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. சமவெளிச் சாலை, மலையேற்றம், இறக்கம் ஆகிய மூன்றும் ஒரே நாள் பயணத்துக்குள் அமையும் இடம் அது. அதிர்வின் மூன்று வகைகளையும் பிரித்தறிய இம்மூன்றும் தேவைப்படுகின்றன.

அதிர்வு தோன்றும் விதம்

ஒற்றை உருளைப் பொறியில் பிஸ்டன் எனப்படும் ஆடுதண்டு மேலும் கீழும் ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அது இரண்டு முறை நின்று திசை மாறுகிறது. ஒரு பொருளை நிறுத்தித் திருப்ப விசை தேவை. அவ்விசைக்கு எதிர்விசையாகப் பொறியின் கூடு உலுக்கப்படுகிறது. இதன் முதன்மைப் பகுதி நிறை, வணரியின் ஆரம், கோணவேகத்தின் இருபடி ஆகிய மூன்றின் பெருக்கற்பலனாகும்.

ஆடுதண்டும் அதனுடன் சேர்ந்து ஆடும் பாகங்களும் 400 கிராம் எடையுள்ளவை என்றும், வணரியின் ஆரம் 45 மில்லிமீட்டர் என்றும் கொள்வோம். பொறி நிமிடத்துக்கு 2,000 சுற்றுகள் சுழன்றால் இவ்விசையின் உச்ச அளவு ஏறத்தாழ 790 நியூட்டன். 4,000 சுற்றுகளில் அது 3,160 நியூட்டன். அதாவது, வேகம் இரண்டு மடங்காகும்போது உலுக்கல் நான்கு மடங்காகிறது. 300 கிலோ எடைக்கு மேற்பட்ட ஒரு விசை நொடிக்கு 67 முறை மேலும் கீழுமாக வண்டியின் சட்டகத்தை இழுக்கிறது. சட்டகம் உடையாமல் இருப்பதே வியப்புக்குரியது.

இவ்விசையை ஈடுசெய்ய, கிராங்க் எனப்படும் வணரித்தண்டின் எதிர்ப்புறத்தில் எதிர்ப்பாரம் சேர்க்கப்படுகிறது. ஆடுதண்டு நேர்கோட்டில் ஆடுகிறது, எதிர்ப்பாரமோ வட்டத்தில் சுழல்கிறது. மேல்கீழ் உலுக்கலை முழுவதும் நீக்கும் அளவுக்குப் பாரம் சேர்த்தால், அதே அளவு உலுக்கல் முன்பின் திசையில் தோன்றிவிடும். எனவே பொறியாளர்கள் ஒரு பங்கை மட்டும் ஈடுசெய்து, எஞ்சியதை இரு திசைகளுக்கும் பகிர்ந்து விடுகின்றனர். ஒற்றை உருளைப் பொறியில் எதிர்ப்பாரம் மட்டும் கொண்டு அதிர்வை ஒழிக்க இயலாது.

இதற்குத் தீர்வு சமனித்தண்டு. இது வணரித்தண்டின் அதே வேகத்தில் எதிர்த்திசையில் சுழலும் பாரம் பொருத்திய தண்டு. எதிர்ப்பாரம் பாதி விசையை ஈடுசெய்யும், மறுபாதியைச் சமனித்தண்டு ஈடுசெய்யும். பக்கவாட்டில் இரண்டும் எதிரெதிர்த் திசையில் தள்ளுவதால் அங்கும் விசை எஞ்சாது. இதன் பின்னரும் இணைப்புத்தண்டின் சாய்வால் ஏற்படும், சுழல்வேகத்தின் இருமடங்கு அலைவெண் கொண்ட சிறிய அதிர்வு எஞ்சி நிற்கும்.

புல்லட் எடுத்துக்காட்டு

வடிவமைப்பால் வரும் அதிர்வுக்கும் பழுதால் வரும் அதிர்வுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கத் தமிழ்நாட்டில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு புல்லட் பொருத்தமானது. என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் 1955 இல் சென்னையில் தொடங்கப்பட்டது, அதன் தொழிற்சாலை திருவொற்றியூரில் அமைந்தது. புல்லட் 350 இன் பொறி பல பத்தாண்டுகளாக 70 மி.மீ. விட்டமும் 90 மி.மீ. வீச்சும் கொண்ட, 346 கன செ.மீ. கொள்ளளவுள்ள நீள்வீச்சுப் பொறியாக இருந்தது. அதில் சமனித்தண்டு இல்லை. நின்ற நிலையில் நிமிடத்துக்கு 1,000 சுற்றுகள் சுழலும் நான்கு வீச்சுப் பொறி இரண்டு சுற்றுக்கு ஒருமுறையே எரிபொருளை எரிக்கும். நொடிக்கு எட்டு வெடிப்புகள் என்ற அந்தக் கணக்கைக் காது ஏறத்தாழ எண்ணிவிடும். புல்லட்டின் புகழ்பெற்ற ஒலி இதுவே.

2016 இல் வந்த 411 கன செ.மீ. ஹிமாலயனில் இந்நிறுவனம் சமனித்தண்டைப் பயன்படுத்தியது. 350 கன செ.மீ. வரிசையில் அது 2020 நவம்பரில் வெளிவந்த மீட்டியார் 350 உடன் வந்தது. அதன் புதிய பொறி 72 மி.மீ. விட்டமும் 85.8 மி.மீ. வீச்சும் கொண்டது. அதே பொறி 2021 இல் கிளாசிக் 350 இலும், 2023 இல் புல்லட் 350 இலும் பொருத்தப்பட்டது. ஆகவே 'புல்லட் என்றால் அதிரத்தான் செய்யும்' என்ற விளக்கம் பழைய பொறிக்குப் பொருந்தும். சமனித்தண்டு உள்ள வண்டியில் கை மரத்துப்போகும் அளவு அதிர்வு இருந்தால் அவ்விளக்கத்தை ஏற்றுக்கொள்வதற்கில்லை. மறுதலையாக, சமனித்தண்டு இல்லாத வண்டியை வாங்கிவிட்டு அது இல்லாததைப் பழுதாகக் கருதுவதும் சரியன்று, அதைப் பின்னர் பொருத்தவும் முடியாது.

அலைவெண் காட்டும் குறிப்பு

விசையுந்தின் பாகங்கள் வெவ்வேறு வேகங்களில் சுழல்கின்றன. அதனால் அவற்றின் அதிர்வுகளும் வெவ்வேறு அலைவெண்களில் அமைகின்றன. சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர் எனில், மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு 8 முறைக்குச் சற்று மேல் சுற்றும். அதே நேரத்தில் பொறி நிமிடத்துக்கு 4,000 சுற்றுகள் சுழன்றால் அதன் அலைவெண் 67 ஹெர்ட்ஸ். பின்சக்கரப் பற்சக்கரத்தில் 38 பற்களும் சங்கிலியில் 100 கண்ணிகளும் இருந்தால், சங்கிலி ஒரு முழுச் சுற்றை நொடிக்கு 3 முறை முடிக்கும்.

இவ்வேறுபாட்டைக் கருவி ஏதுமின்றி உடலே உணரும். நொடிக்கு 8 முறை என்பது உதறலாகவும் ஆட்டமாகவும் தெரியும். 67 முறை என்பது உள்ளங்கையில் சுரசுரப்பாகவும் பின்னர் மரத்துப்போதலாகவும் தெரியும். சங்கிலியில் ஓரிடம் மட்டும் இறுக்கமாக இருந்தால் வண்டி மெல்ல இழுத்து இழுத்து விடுவதுபோல் தோன்றும். "வண்டி அதிர்கிறது" என்று மட்டும் மெக்கானிக்கிடம் சொல்வதைவிட, ஆடுகிறதா, சுரசுரக்கிறதா, இழுத்து விடுகிறதா என்று சொல்வது அவருடைய வேலையைப் பாதியாகக் குறைக்கும்.

குறுகிய வேக இடைவெளியில் மட்டும், எடுத்துக்காட்டாக 62 முதல் 68 கி.மீ. வரை மட்டும் தோன்றி அதற்கு மேல் மறையும் அதிர்வு பொதுவாக ஒத்ததிர்வு ஆகும். கண்ணாடித் தண்டு, எண் பலகை, கைப்பிடிக் குழல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஓர் இயல் அலைவெண் உண்டு. பொறியின் அலைவெண் அதனுடன் பொருந்தும்போது அப்பாகம் பெரிதாக ஆடுகிறது. கைப்பிடியின் முனைகளில் உள்ள பாரங்கள் இதற்காகவே வைக்கப்பட்டவை. அழகுக்காகக் கைப்பிடி உறையை மாற்றும்போது அவற்றைக் கழற்றி எறிந்துவிடுவோர் சில நாட்களிலேயே விளைவை உணர்வர்.

பள்ளத்தாக்கில் சோதனை

கம்பம் பள்ளத்தாக்கு மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் மேகமலைப் பகுதிக்கும் இடையில் அமைந்தது. தேனியிலிருந்து வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியாகச் செல்லும் 183 ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, லோயர்கேம்ப் வரை முல்லைப் பெரியாற்றுப் பாசன வயல்களை ஒட்டிப் பெரும்பாலும் சமதளமாக ஓடுகிறது. அதன்பின் குமுளிக்கு ஏறுகிறது. மற்றொரு பக்கம் போடிநாயக்கனூரிலிருந்து 85 ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைகிறது. கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கும் ஒரு மலைச்சாலை உண்டு. மலைமேல் உள்ள ஏலக்காய்த் தோட்டங்களுக்கு நாள்தோறும் செல்வோருக்கு இச்சாலைகளே வழி. இவ்வழிகளில் அதிர்வு என்பது வசதிக்குறைவு என்ற அளவில் நின்றுவிடுவதில்லை. தளர்ந்த முன்சக்கர அச்சோ கைப்பிடித் தாங்கியோ சமவெளியில் எரிச்சலூட்டும், கொண்டை ஊசி வளைவில் விபத்தை உண்டாக்கும்.

முதல் சோதனைக்கு வண்டி நகரவே வேண்டியதில்லை. பொறி சூடேறிய பின் நியூட்ரலில் நிறுத்தி, அதிர்வு உணரப்பட்ட அதே சுழல்வேகத்துக்கு மெல்ல உயர்த்த வேண்டும். நின்ற வண்டியிலும் அதே அதிர்வு வந்தால் சக்கரமும் டயரும் சங்கிலியும் ஐயத்திலிருந்து விலகுகின்றன. எஞ்சுவன பொறியும் அதைத் தாங்கும் மரைகளும் அவற்றோடு ஒட்டிய பாகங்களும்தாம்.

நின்ற வண்டியில் அதிர்வு வராவிட்டால் சமதளச் சாலை தேவைப்படுகிறது. ஊர்களுக்குள் செல்லும் பழைய சாலையில் வேகத்தடைகள் மிகுதி, ஒரே வேகத்தில் ஓட்ட இயலாது. புறவழிச்சாலையின் ஆளில்லாப் பகுதி ஏற்றது. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் நான்காம் கியரிலும், பின்னர் அதே வேகத்தில் மூன்றாம் கியரிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். கியர் மாறியதும் அதிர்வின் தன்மை மாறினால் அது பொறியைச் சார்ந்தது. மாறாமல் இருந்தால் சக்கரத்தைச் சார்ந்தது. அதே வேகத்தில் ஓரிரு நொடிகள் கிளட்சைப் பிடித்து, பொறியின் வேகம் தணிய விடுவது மற்றொரு வழி. அதிர்வு உடனே மறைந்தால் பொறியே காரணம். வண்டியின் வேகம் குறையக் குறைய மெதுவாகத் தேய்ந்தால் சக்கரமே காரணம்.

இச்சோதனையை மலை இறக்கத்தில் செய்யலாகாது. கிளட்சைப் பிடித்தோ, பெட்ரோலை மிச்சப்படுத்தப் பொறியை நிறுத்தியோ இறங்கும் பழக்கம் மலைச்சாலைகளில் காணப்படுகிறது. அவ்வாறு இறங்கும்போது பொறி தரும் தடை இல்லாமற்போய், முழுச் சுமையும் பிரேக்கின்மேல் விழுகிறது.

ஏற்றத்தில் வெளிப்படுவது சுமையைப் பின்தொடரும் அதிர்வு. உயர் கியரில் குறைந்த வேகத்தில் ஏறும்போது வண்டி திணறி உதறுவது பழுதன்று. பொறி நிமிடத்துக்கு 2,000 சுற்றுகளில் நொடிக்கு ஏறத்தாழ 17 முறை மட்டுமே எரிக்கிறது, ஒவ்வொரு வெடிப்பும் சங்கிலியைத் தனித்தனியே இழுக்கிறது. கியரைக் குறைத்தால் இது தீரும். குறைத்த பின்னரும் ஏற்றத்தில் மட்டும் உதறல் தொடர்ந்தால் சங்கிலியின் தளர்வு, பின்சக்கரத்தின் நேர்மை, பின்சக்கரக் குடத்தின் ரப்பர்த் துண்டுகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வளைவில் நின்று புறப்படும் கணத்தில் மட்டும் நடுங்கினால் கிளட்ச் காரணமாகலாம்.

இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது மட்டும் நெம்புகோலில் துடிப்பு தெரிந்து, வேகம் குறையும்போது துடிப்பும் மெதுவானால் பிரேக் தட்டு நெளிந்திருக்கக்கூடும். இதில் ஒரு குழப்பம் நேர்வதுண்டு. இந்தியாவில் 125 கன செ.மீ.க்கு மேற்பட்ட புதிய இருசக்கர வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். எனப்படும் சக்கரப் பூட்டுத் தடுப்பு 2018–2019 ஆம் ஆண்டுகளில் கட்டாயமானது. மணலோ சரளையோ உள்ள இடத்தில் அழுத்திப் பிடிக்கும்போது அது இயங்கி நெம்புகோலில் விரைவான துடிப்பைத் தரும். அது பழுதன்று.

புதிய வண்டியில் காணப்படும் காரணங்கள்

தொழிற்சாலையிலிருந்து வந்த சில வாரங்களில் மரைகள் தளர்வது ஏன் என்ற கேள்வி பலருக்கும் எழும். மரையின் தலைக்கு அடியில் உள்ள வண்ணப்பூச்சும் உலோகப் பரப்பின் நுண்ணிய மேடுகளும் முதல் சில நூறு கிலோமீட்டர்களில் நசுங்கி அமர்கின்றன. நசுங்கும் தடிமன் மிகச் சிறிது, ஆனால் மரையின் இழுவிசையைக் குறைக்க அது போதும். இழுவிசை குறைந்த இணைப்பு பக்கவாட்டில் நழுவத் தொடங்குகிறது. பக்கவாட்டு அதிர்வே மரைகளைக் கழற்றும் முதன்மைக் காரணம் என்பதை ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969 இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். அதிர்வால் மரை தளர்கிறது, தளர்ந்ததால் அதிர்வு மிகுகிறது. முதல் இலவசச் சேவையில் மரைகளைச் சரிபார்ப்பது இதனால்தான் முதன்மையானது. எண்ணெய் மாற்றிக் கழுவித் தருவதோடு அச்சேவை முடிந்துவிட்டால் அதன் நோக்கம் நிறைவேறவில்லை.

பொறியைச் சட்டகத்துடன் பிணைக்கும் மரைகளே முதலில் ஐயத்துக்குரியவை. புதிய வண்டி வாங்கிய அன்றே வெளிக்கடையில் கிராஷ் கார்டு பொருத்துவது பரவலான வழக்கம். பல வண்டிகளில் இக்கம்பிகள் பொறித்தாங்கி மரையிலேயே மாட்டப்படுகின்றன. கடைக்காரர் அம்மரையைக் கழற்றி, கம்பியை நுழைத்து, கை அளவில் மீண்டும் முடுக்குகிறார். கம்பியின் துளை சற்று விலகியிருந்தால் பொறி ஒரு பக்கமாக இழுக்கப்பட்ட நிலையில் நின்றுவிடும். அதிர்வு கிராஷ் கார்டுக்குப் பின் தொடங்கியது என்றால் அதைக் கழற்றி ஓட்டிப் பார்ப்பதே மிக மலிவான சோதனை. பொறித்தாங்கி மரைகள் அனைத்தையும் சற்றுத் தளர்த்தி, பொறியை இயல்பாக அமரவிட்டு, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ஸ்பேனரால் முடுக்குவதே முறையான தீர்வு. பலம் கொண்ட மட்டும் முடுக்குவது தீர்வாகாது.

சக்கரத்தைப் பொறுத்தவரை காற்றழுத்தத்தை முதலில் பார்க்க வேண்டும். காற்று மிகுந்தால் ஒவ்வொரு சிறு கல்லும் கைக்குத் தெரியும். அடுத்து, டயரின் விளிம்பு சக்கரத்தில் சரியாக அமர்ந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். டயரின் பக்கச்சுவரில் விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய கோடு சுற்றிலும் ஓடும். அக்கோடு ஓரிடத்தில் மட்டும் மறைந்திருந்தால் அங்கே டயர் அமரவில்லை. இதைப் பஞ்சர் கடையிலேயே சரிசெய்துவிடலாம். சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, அசையாத பாகம் ஒன்றில் ஒரு குச்சியை விளிம்பருகே கட்டிச் சுழற்றினால் கோணல் தெரியும். பொதுவாக 2 மி.மீ. வரையிலான விலகலையே சேவைக் கையேடுகள் அனுமதிக்கின்றன. கம்பிச் சக்கரமாயின் கம்பிகளைச் சிறு ஸ்பேனரால் தட்டிப் பார்ப்பதுண்டு. தளர்ந்த கம்பி மந்தமாக ஒலிக்கும்.

வேகம் குறைக்கும்போது கைப்பிடி இடவலமாக ஆடுவதும், முன் பிரேக் பிடிக்கும்போது 'டக்' என்ற ஒலி கேட்பதும் கைப்பிடித் தாங்கி தளர்ந்ததன் அடையாளங்கள். இதைத் தள்ளிப்போடலாகாது.

நின்ற நிலையில் மட்டும் அதிரும் வண்டியில் சுழல்வேகம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழ் இருக்கலாம். கார்புரேட்டர் வண்டியில் ஒரு திருகால் இதைச் சரிசெய்தனர். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளின்கீழ் வரும் எரிபொருள் உட்செலுத்தல் வண்டிகளில் மின்னணுக் கட்டுப்பாட்டகமே இவ்வேகத்தைத் தீர்மானிக்கிறது. பழைய பழக்கத்தில் திருகைத் தேடுவது வீண்.

இவை எதிலும் குறை காணப்படாவிட்டால், அதே வகையைச் சேர்ந்த, ஏறத்தாழ அதே தொலைவு ஓடிய மற்றொரு வண்டியை அதே சாலையில் அதே சுழல்வேகத்தில் ஓட்டி ஒப்பிடுவதே நம்பகமான அளவுகோல். பல ஆண்டுகள் டி.வி.எஸ். எக்ஸ்.எல். ஓட்டியவருக்கு 350 கன செ.மீ. வண்டி எதுவும் முதல் வாரத்தில் மிகை அதிர்வுடையதாகவே தோன்றும்.

திறன்பேசியால் அளத்தல்

திறன்பேசியில் உள்ள முடுக்கமானியைக் கொண்டு அதிர்வின் அலைவெண்ணை அளக்கலாம். ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி இதற்குப் பயன்படும். இதில் ஒரு பொறி உள்ளது. முடுக்கமானி நொடிக்கு 100 முறை பதிவுசெய்தால் 50 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைவெண்ணைச் சரியாகக் காட்டாது. 67 ஹெர்ட்ஸ் அதிர்வு 33 ஹெர்ட்ஸ் எனப் பொய்த்தோற்றமாகத் தெரியும். நான்கு வீச்சுப் பொறியின் எரிதல் அலைவெண்ணும் 4,000 சுற்றுகளில் அதே 33 ஹெர்ட்ஸ்தான். இரண்டையும் பிரிக்கச் சுழல்வேகத்தை 4,200 ஆக உயர்த்த வேண்டும். உண்மையான எரிதல் அலைவெண் 35 ஆக உயரும், பொய்த்தோற்றமோ 30 ஆகக் குறையும்.

அளவீடு நின்ற வண்டியின் இருக்கையில் சில நொடிகள் வைத்து எடுப்பதாக இருத்தல் நலம். திறன்பேசியைக் கைப்பிடியில் நெடுநேரம் பொருத்தி ஓட்டினால் உயர்திறன் விசையுந்துப் பொறிகளின் அதிர்வு அதன் படக்கருவியைக் கெடுக்கக்கூடும் என ஆப்பிள் நிறுவனம் 2021 செப்டம்பரில் அறிவித்தது.

உடல்நலம்

குளிரில் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் நிலையைப் பிரெஞ்சு மருத்துவர் மொரீஸ் ரேனோ 1862 இல் விவரித்தார். அதிர்வுக் கருவிகளைக் கையாண்ட அமெரிக்கச் சுண்ணாம்புக்கல் தொழிலாளரிடம் இந்நிலை காணப்பட்டதை ஆலிஸ் ஹாமில்டன் 1918 இல் பதிவுசெய்தார். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002 ஆம் ஆண்டு நெறியாணை, தொழிலாளர் கைகளுக்கு 8 மணி நேரச் சராசரியாக 2.5 மீ/நொ² அளவை எட்டினால் நடவடிக்கை தேவை என்றும், 5 மீ/நொ² அளவைத் தாண்டலாகாது என்றும் வரையறுக்கிறது. இக்கணக்கில் 5 மீ/நொ² அதிர்வில் 2 மணி நேரம் ஓட்டுவது முதல் எல்லையை எட்டுவதற்குச் சமம். தேனியிலிருந்து நாள்தோறும் குமுளிக்குச் சென்று திரும்புவோரின் நேரம் இதைவிடக் குறைவாக இருக்க வாய்ப்பில்லை. ஓட்டி முடித்து நெடுநேரமாகியும் விரல்கள் மரத்திருந்தால் மருத்துவரை அணுக வேண்டும்.

உத்தரவாதமும் நுகர்வோர் உரிமையும்

அதிர்வு பற்றிய முறையீடுகளில் பெரும் இடர்ப்பாடு, அது காகிதத்தில் பதிவாவதில்லை என்பதே. "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்ற பதிலோடு திரும்பி வருவோர் பலர். ஆடுதண்டு வளையங்களும் பற்சக்கரங்களும் படிந்து முதல் ஆயிரம் கிலோமீட்டர்களில் ஒலியும் சுரசுரப்பும் சற்றுக் குறைவது உண்மை. கோணல் சக்கரமோ தளர்ந்த பொறித்தாங்கியோ ஓடுவதால் சரியாவதில்லை. எனவே ஒவ்வொரு முறையும் சேவை அட்டையில் முறையீடு எழுதப்பட வேண்டும். ஓடிய கிலோமீட்டர், அதிர்வு தோன்றும் வேகம், கியர், ஏற்றமா சமதளமா என்ற விவரங்கள் அதில் இருந்தால் பின்னர் மறுக்க இயலாது.

உற்பத்திக் குறை இருந்தும் தீர்வு கிடைக்காவிட்டால், 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இன்கீழ் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். முந்தைய 1986 ஆம் ஆண்டுச் சட்டத்தைப் போலன்றி, இதில் முறையீட்டாளர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க முடியும். மதுரையில் வாங்கிய வண்டிக்குக் கம்பத்தில் வசிப்பவர் தேனியில் உள்ள ஆணையத்தில் முறையிடலாம். செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை, காலவரம்பு இரண்டு ஆண்டுகள். சோதித்தாலன்றித் தெரியாத குறை எனில் பொருளை உரிய ஆய்வகத்தின் சோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.